எஸ்.ஜி.கிட்டப்பா உண்மையிலேயே அவ்வளவு பெரிய பாடகரா?

2023 பிப்ரவரி 11, காலை

இந்த இணையக் குழுவில் ஓர் இளைஞர் கேட்டிருக்கும் கேள்வி, அப்படியே தருகிறேன்:

"எனக்கு வயது 22. கே.பி.சுந்தராம்பாள் பாட்டு என்றால் உயிர். அவர் வாழ்க்கையைப் படிக்கப் போய்த்தான் அவருடைய கணவர், நாடக நடிகர் கிட்டப்பா பெயர் தெரிந்தது. யூடியூபில் தேடி நாலைந்து பாட்டுக் கேட்டேன். ஏமாற்றமாக இருந்தது. ஒரே கீச்சுக் குரல். பழைய இசைத்தட்டை வேகமாக ஓடவிட்டதால் அப்படிக் கேட்கிறதோ என்னவோ. 27 வயதில் போய்விட்டார், ஒரு சினிமாவில்கூட நடிக்கவில்லை, மிஞ்சியது கொஞ்சம் இசைத்தட்டுகள். அந்த அம்மா கடைசிவரை வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு இருந்ததால்தான் இவர் பெயர் இன்னும் நிற்கிறது என்று தோன்றுகிறது. நான் நினைப்பது தப்பா, ஐயா?"

தப்பு தம்பி. ஏன் என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாது. வேலை முடிந்து வந்து எழுதுகிறேன்.

2023 பிப்ரவரி 11, இரவு

முதலில் வேகம். இதைக் கணக்குப் போட்டே தீர்த்துவிடலாம்.

அந்தக் காலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று. பதிவு செய்த இயந்திரமும் ஓட்டிய இயந்திரமும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது உண்மைதான். 78-ல் பதிந்ததை 80-ல் ஓட்டினால் சுருதி அரை ஸ்வரத்தானம்கூட ஏறாது. (ஆர்மோனியத்தில் ஒரு ரீடிலிருந்து அடுத்த ரீடுக்கு ஏறுவது ஒரு ஸ்வரத்தானம்.) ஒரு ஸ்வரத்தானம் முழுதாக ஏற வேண்டுமென்றால் தட்டு 82, 83 சுற்று சுற்ற வேண்டும்.

இப்போது கிட்டப்பாவை இரண்டு கட்டையில் பாடிய சாதாரண ஆண் குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். (கட்டை என்பது சுருதியின் அளவு, எண் கூடக் கூடக் குரல் உயரும்.) அதை ஐந்தரைக் கட்டையில் கேட்க வைக்க ஆறு ஸ்வரத்தானம் ஏற்ற வேண்டும். தட்டு 110 சுற்று சுற்றினால்தான் அது நடக்கும். அந்த வேகத்தில் மிருதங்கம் தகர டப்பா மாதிரி கேட்கும், வார்த்தை ஒன்றுகூட விளங்காது. நீங்கள் கேட்ட பதிவில் வார்த்தை தெளிவாக விழுகிறதா இல்லையா? பிருகாக்கள், அதாவது வேகமாக உருளும் சங்கதிகள், தனித்தனியாகக் கேட்கின்றனவா இல்லையா? கேட்கின்றன. ஆக அந்த உயரம் இயந்திரம் கொடுத்ததில்லை. அந்த மனிதரின் தொண்டையில் இருந்தது.

இன்றைக்குக் கச்சேரி மேடையில் ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுகிறார்கள். ஐந்து, ஐந்தரை பெண்களின் சுருதி. கிட்டப்பா அந்த ஐந்தரையில் நின்றுகொண்டு அதற்கு மேலே இருக்கும் பஞ்சமம் என்ற 'ப' ஸ்வரத்துக்குப் போய் அங்கே விளையாடினார். கேட்டுப் பழகாத காதுக்கு முதலில் கூச்சமாகத்தான் இருக்கும்.

2023 பிப்ரவரி 13

ஏன் அவ்வளவு உயரத்தில் பாடினார்கள் என்று அதே தம்பி மறுபடி கேட்கிறார். இதுதான் எனக்குப் பிடித்த இடம்.

என் சித்தப்பா புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகங்களுக்கு (வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்றைக்கு மட்டும் கூடிப் போடும் நாடகம்) ஆர்மோனியம் வாசித்தவர். சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அவரோடு ஊர் ஊராகப் போவேன். ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் ஒரு துண்டை விரித்து உட்கார்ந்துகொள்வேன். நான் போன காலத்தில் மைக் வந்துவிட்டது, அதுவும் நடுராத்திரியில் கரண்ட் போய்விடும். கரண்ட் போனால் நாடகத்தை நிறுத்த மாட்டார்கள். பெட்ரோமாக்ஸ் ஏற்றுவார்கள். ராஜபார்ட் (கதாநாயக வேஷக்காரர்) நாலு அடி முன்னே வந்து நிற்பார், சித்தப்பா துருத்தியை இன்னும் கொஞ்சம் வேகமாக அழுத்துவார், பாட்டு தொடரும். அந்த நேரத்தில் கவனித்திருக்கிறேன். கீழே, மந்தரத்தில் பாடும் வரிகள் முன்வரிசையைத் தாண்டாது. மேலே ஏறும்போது கடைசியில் வண்டிமேல் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும் தலை நிமிரும்.

கிட்டப்பா பாடிய காலத்தில் கரண்ட் போவதற்கு மைக்கே கிடையாது. தகரக் கொட்டகையில் ஆயிரக்கணக்கில் ஜனங்கள். குழந்தை அழும், சோடா விற்பவன் குரல் கொடுப்பான். இதையெல்லாம் தாண்டி இரவு ஒன்பது, பத்து மணியிலிருந்து விடியும்வரை ஒரு மனிதக் குரல் போக வேண்டும். அதற்கு உயர்ந்த, இறுக்கமான, கூர்மையான குரல்தான் உதவும். மனிதக் காதும் அந்த மேல் பகுதியில்தான் அதிகக் கூர்மையாகக் கேட்கும். அந்தக் குரலை நீங்கள் காதுக்குள் செருகிக்கொள்ளும் ஹெட்போனில் கேட்டீர்கள். அது நூறடி தள்ளி இருப்பவருக்காகப் பாடிய குரல். இரண்டு அங்குலத்தில் வைத்துக் கேட்டால் குத்தத்தான் செய்யும். ஹெட்போனைக் கழற்றுங்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்து கேளுங்கள்.

2023 பிப்ரவரி 13, சற்றுக் கழித்து

ஒன்று விட்டுவிட்டேன். உயர்ந்த சுருதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கொஞ்சம் தொழில் ரகசியம்.

நாடகத்தில் ஆர்மோனியம் ஒரே சுருதியில் ராத்திரி முழுக்க நிற்கும். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் (பெண் வேஷக்காரர்) பாட்டிலேயே தர்க்கம் செய்வார்கள். அவர் ஒரு வரி விடுவார், இவர் அதை வாங்கித் திருப்பி அடிப்பார். இருவருக்கும் ஒரே சுருதி இருந்தால்தான் அந்தச் சண்டை சூடு பிடிக்கும். ஆண் பெண்ணின் சுருதிக்கு ஏறினால் தர்க்கம் பறக்கும், பெண் ஆணின் சுருதிக்கு இறங்கினால் சப்பென்று போய்விடும் என்பார் சித்தப்பா. அவர் வாசித்த காலத்திலேயே அப்படி ஏறக்கூடிய ராஜபார்ட்டுகள் அரிதாகிவிட்டார்கள்.

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஒரே மேடையில் நின்றபோது ஜனங்கள் பைத்தியமாக ஓடியதற்கு இது ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இரண்டு பேரும் ஒரே உயரத்தில் மோதினார்கள். யாரும் யாருக்கும் இறங்கி வரவில்லை.

2023 பிப்ரவரி 14

வாழ்க்கை வரலாறு சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று இன்னொருவர் கேட்டிருந்தார். சுருக்கமாகவே சொல்கிறேன். பிறந்தது 1906 ஆகஸ்ட் 25, செங்கோட்டை. அப்போது செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். தமிழ் நாடக மேடையின் மிகப் பெரிய குரல் பிறக்கும்போது மலையாள மகாராஜாவின் பிரஜை. அப்பா கங்காதர ஐயர், அம்மா மீனாட்சி அம்மாள். வைத்த பெயர் ராமகிருஷ்ணன். வீட்டில் வறுமை. அண்ணன்மார் ஏற்கெனவே நாடகத்தில் இருந்தார்கள். இவரும் பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் மேடை ஏறினார். அப்புறம் கன்னையா நாடகக் கம்பெனி, தசாவதாரம் நாடகம், புகழ். 1924-ல் கிட்டம்மாளோடு திருமணம். கொழும்பில் நாடகம் போடப் போன இடத்தில் சுந்தராம்பாளோடு பழக்கம், 1927-ல் மாயவரத்தில் அவரோடு திருமணம். இருவரும் சேர்ந்து நடித்த சில வருடங்கள். பிரிவு, குடி, நோய். 1933 டிசம்பர் 2-ல் மரணம். 27 வயது நிறைந்து மூன்று மாதம்.

இதை எழுதும்போதே கை தயங்குகிறது. பேரனுக்குக் கதை சொல்கிற வயது வந்தவர்கள்கூட அவரைப் பற்றிப் பேசும்போது "பெரியவர்" என்ற தொனியில் பேசுகிறோம். அவர் செத்தபோது இன்றைய கணக்கில் வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன்.

2023 பிப்ரவரி 19

பையன்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனி பற்றி எழுதாமல் கிட்டப்பாவைப் பற்றி எழுத முடியாது.

நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெரியவர்களை வைத்து நாடகம் நடத்தி அலுத்துப் போயிருந்தார். எழுதிக் கொடுத்த பாடத்தை மேடையில் ஆளுக்கு ஆள் மாற்றிப் பேசினார்கள். பையன்கள் என்றால் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், பாடத்தை முழுக்க மனப்பாடம் செய்வார்கள். அந்த எண்ணம் பரவி ஊர் ஊராகப் பையன்களின் கம்பெனிகள் முளைத்தன. பி.யு.சின்னப்பா, எம்.ஜி.ஆர். எல்லாம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் இருந்தவர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் சுவாமிகளின் சபையிலேயே தொடங்கினார்கள்.

கலைக்கு இதனால் கிடைத்தது நிறைய. ஏழெட்டு வயதில் தொடங்கி தினமும் பாட்டு, வசனம், தாளம். வேறெந்தப் பள்ளியும் அப்படி ஒரு பயிற்சியைக் கொடுக்க முடியாது. இருபது வயதுக்குள் கிட்டப்பா அவ்வளவு தேர்ந்த கலைஞராக இருந்தார் என்றால் அப்போதே அவர் கையில் பத்து வருடத்துக்கும் மேற்பட்ட மேடை அனுபவம் இருந்தது என்று பொருள். அந்தப் பையன்கள் கொடுத்தது? அம்மா மடி, பள்ளிக்கூடம், தூக்கம். ராத்திரி முழுக்க விழித்திருந்து பகலில் தூங்கி, அடுத்த ஊருக்குக் கட்டை வண்டியிலோ ரயிலிலோ போய்க்கொண்டே இருந்தார்கள். அதை நினைக்காமல் அந்தக் காலத்தைக் "பொற்காலம்" என்று சொல்லுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் மகரக்கட்டு. குரல் உடையும் வயது. பையன்கள் எல்லோரும் பயந்த ஒரே எதிரி அதுதான். நேற்றுவரை அயன் (முதன்மை) ஸ்திரீபார்ட், இன்றைக்குக் குரல் உடைந்தால் கூட்டத்தில் நிற்கும் சேவகன் வேஷம். சம்பளமும் போகும், மரியாதையும் போகும்.

எனக்கு இது கொஞ்சம் தெரியும். சித்தப்பாவோடு போன நாட்களில் நாடகம் தொடங்குமுன் ஒரு விருத்தம் பாடச் சொல்வார்கள், ஜனங்கள் அமைதியாகட்டும் என்று. நன்றாகப் பாடுவேன். பதின்மூன்று வயதில் ஒரு கோயில் கொடையில் மேல் ஷட்ஜத்துக்கு (மேல் 'ஸ'வுக்கு) போனேன், குரல் இரண்டாகப் பிளந்தது. யாரும் சிரிக்கவில்லை. பபூன் வேஷக்காரர் ஓடி வந்து, "தம்பிக்கு மீசை முளைக்கிற சத்தம்டா அது!" என்று சொல்லி ஜனங்களைத் திருப்பிவிட்டார். நல்ல மனிதர். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஸ்தாயி எனக்குத் திரும்ப வரவே இல்லை.

கிட்டப்பாவுக்கு வந்தது. உடைந்த பிறகும் அவர் குரல் அதே உயரத்துக்குத் திரும்பி ஏறியது. சின்ன வயதில் பாடிய அதே சுருதியை வளர்ந்த ஆணின் நெஞ்சோடு பாடினார். பதிவுகளில் அந்தக் கூர்மைக்குள்ளே ஒரு கனம் கேட்கிறதே, அது இதனால்தான். குழந்தையின் குரலில் அந்தக் கனம் இருக்காது.

2023 பிப்ரவரி 20

நேற்று எழுதியதை ஒருவர் "மிகைப்படுத்துகிறீர்கள்" என்கிறார். மிகையில்லை. நடிகரும் பாடகருமான டி.ஆர்.மகாலிங்கத்தின் பதிவையும் கேட்டுப் பாருங்கள். 1945-ல் வந்த ஸ்ரீவள்ளி படத்தில் அவர் பாடிய "காயாத கானகத்தே" சங்கரதாஸ் சுவாமிகள் வள்ளி திருமணம் நாடகத்துக்கு எழுதிய மேடைப் பாட்டு. மகாலிங்கம் கிட்டப்பாவின் வழியில் வந்தவர் என்பதை யாரும் மறைக்கவில்லை, அவரைக் கேட்டாலே தெரியும். அந்தக் குரல் ஜாதி மகாலிங்கத்தோடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அப்புறம் மைக் எல்லா இடத்திலும் வந்தது, யாரும் அவ்வளவு தூரம் எட்டிப் பாட வேண்டிய தேவை இல்லாமல் போனது.

மைக் வந்ததைக் குறையாகச் சொல்லவில்லை. மைக் இல்லாவிட்டால் கண்டசாலாவின் குரலும் பி.பி.ஸ்ரீநிவாஸின் குரலும் நமக்குக் கிடைத்திருக்காது. ஆனால் ஒரு வகைக் குரல் வந்ததும் இன்னொரு வகை வெளியே போனது. போனதைப் பற்றிப் பேச யாராவது வேண்டாமா?

2023 பிப்ரவரி 26

கிட்டப்பாவின் "எவரனி" இசைத்தட்டு பற்றி.

தியாகராஜர் கிருதி, தேவாம்ருதவர்ஷிணி ராகம். "உன்னை யாரென்று முடிவு செய்தார்கள், சிவன் என்றா, மாதவன் என்றா, பிரம்மா என்றா" என்று கடவுளையே நிறுத்திக் கேட்கும் பாட்டு. இதை ஒரு நாடக நடிகர் இசைத்தட்டில் பாடி அது வீட்டுக்கு வீடு போனது. கச்சேரிக்காரர்கள் நாடகக்காரர்களைக் கூத்தாடிகள் என்று ஒதுக்கிய காலம் அது. அந்த வேலியை அந்தத் தட்டு தாண்டியது. கர்நாடக சங்கீதப் பாடகர் ஜி.என்.பாலசுப்பிரமணியம் (ஜி.என்.பி.) இளமையில் கிட்டப்பா பாட்டில் மயங்கியவர் என்று சங்கீத உலகில் சொல்வார்கள். ஜி.என்.பி.யின் அந்த மின்னல் பிருகாக்களைக் கேட்டுவிட்டு "எவரனி"யைக் கேட்டால் அந்தப் பேச்சில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான். மேடையில் அரை மணி நேரம் விரித்துப் பாடியிருக்கக்கூடியதை இவ்வளவுக்குள் அடைக்க வேண்டும். கிட்டப்பா என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பல்லவியைச் சட்டென்று எடுத்துவிடுகிறார். காத்திருக்க வைப்பதில்லை. முதல் வரியிலேயே மேலே ஏறி ஆளை நிறுத்திவிடுகிறார். வெளியே போகிற ஜனங்களைத் திரும்ப உட்கார வைக்கத் தெரிந்த நடிகனின் பழக்கம் அது.

"கோடையிலே இளைப்பாற்றி" கேட்காதவர்கள் கேளுங்கள். வள்ளலாரின் திருவருட்பா. அதில் அவசரம் இல்லை. அந்தத் தட்டைத்தான் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பேன், "எவரனி"யை அல்ல.

2023 மார்ச் 2

சினிமா. முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ், 1931 அக்டோபர் 31. கிட்டப்பா அதற்குப் பிறகு இரண்டு வருடம் உயிரோடு இருந்தார். திரையில் ஒரு தடவைகூட வரவில்லை. தியாகராஜ பாகவதரின் முதல் படம் பவளக்கொடி 1934. ஒரு வருடம்! கிட்டப்பா இன்னும் கொஞ்சம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்தக் குழுவில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள்.

என் எண்ணம்: சூப்பர் ஸ்டார் ஆகியிருப்பார், சந்தேகமே இல்லை. பாகவதர் அவரைவிட நாலு வயது சின்னவர், அதே மேடை, அதே உயர்ந்த சுருதி. கிட்டப்பா விட்ட நாற்காலியில் உட்கார்ந்தவர் பாகவதர். இதனால் பாகவதர் சிறியவர் ஆகிவிட மாட்டார். அவர் குரலில் ஒரு குளிர்ச்சி உண்டு, அது கிட்டப்பாவிடம் இல்லை. கிட்டப்பாவிடம் இருந்தது நெருப்பு.

2023 மார்ச் 3

பாகவதர் ரசிகர்கள் நேற்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. "விட்ட நாற்காலி" என்ற பேச்சு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சரி, அதை இப்படி மாற்றிச் சொல்கிறேன்: இரண்டு பேருக்கும் அந்தக் குரலைக் கொடுத்தது ஒரே கொட்டகை. அதில் ஒருவர் மைக் வரும்வரை இருந்தார். இதற்கு மேல் இந்தச் சண்டை வேண்டாம்.

2023 மார்ச் 9

இத்தனை நாளும் எழுதாமல் தள்ளிப்போட்டது ஒன்று இருக்கிறது. அந்தத் தம்பியின் கேள்வியில் கடைசிப் பகுதி: சுந்தராம்பாளால்தான் கிட்டப்பா பெயர் நிற்கிறது என்பது.

ஊரில் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். காதலித்தார், மணந்தார், பிரிந்தார், கிட்டப்பா இறந்ததும் 25 வயதில் வெள்ளைப் புடவை உடுத்தினார், எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார், 1980-ல் இறக்கும்வரை அதைக் காத்தார். கேட்டால் கண் கலங்கும். எனக்கும் கலங்கியிருக்கிறது.

ஆனால் இந்தக் கதை இரண்டு கலைஞர்களையும் விழுங்கிவிடுகிறது. சுந்தராம்பாள் கிட்டப்பாவைச் சந்திக்கும் முன்பே இலங்கை மேடையில் பேர் வாங்கியவர். கொடுமுடியில் பிறந்து, வறுமையில் வளர்ந்து, தானாக எழுந்தவர். கிட்டப்பா போன பிறகு 1935-ல் நந்தனார் படத்தில் ஆண் வேஷத்தில் நடித்தார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் அது யாரும் கேள்விப்படாத தொகை. எதிரே வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர், கர்நாடக சங்கீதத்தின் உச்சியில் இருந்தவர். 1953-ல் ஔவையார். 1958-ல் சென்னை மேல்சபை உறுப்பினர். 1970-ல் பத்மஸ்ரீ. இவ்வளவும் செய்த ஒருவரை "கிட்டப்பாவின் விதவை" என்ற ஒரே வரியில் அடைக்கிறோம். கிட்டப்பாவையும் "சுந்தராம்பாளின் காதலன்" என்று அடைக்கிறோம்.

சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன. படித்தால் அவற்றில் இருப்பது சினிமாக் காதல் இல்லை என்று தெரியும். கோபம் இருக்கிறது, கெஞ்சல் இருக்கிறது, பணக் கணக்கு இருக்கிறது, தன்மானம் இருக்கிறது. தன்னை மதிக்காத ஒருவனைப் பார்த்து ஒரு தொழில்காரி பேசும் குரல் பல இடங்களில் கேட்கிறது. கிட்டப்பா நல்ல கணவராக இருந்தார் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஊரில் முதல் மனைவி கிட்டம்மாள் இருந்தார், அவரைப் பற்றி யாரும் ஒரு பத்திக்கு மேல் எழுதுவதில்லை. அந்தப் பெண்ணும் விதவையானார். அவருடைய வெள்ளைப் புடவையை யாரும் பாடவில்லை.

2023 மார்ச் 10

நேற்று எழுதியதைக் காலையில் படித்துப் பார்த்தேன். ஒரு வரிகூட எடுக்க மாட்டேன், ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். ஆறேழு வயதிலிருந்து மேடையில் வளர்ந்த ஒருவனுக்கு வீடு என்றால் என்ன என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கைதட்டலும் ஒன்ஸ்மோரும் ராத்திரியும் பணமும் பதினைந்து வயதிலேயே வந்துவிட்டன. சுற்றி இருந்தவர்களுக்கு அவர் ஒரு வசூல். அவர் குடித்ததை யார் தடுத்தார்கள்? நாடகம் நடந்தால் போதும் என்றுதானே இருந்திருப்பார்கள். சித்தப்பாவின் காலத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். அருமையான ராஜபார்ட் ஒருவர், மேடையின் பின்னால் கை நடுங்க உட்கார்ந்திருப்பார், நாடக ஏஜென்ட்டே பாட்டிலோடு வந்து நிற்பார். ஒரு வாய் ஊற்றிவிட்டால் மேடையில் சிங்கம். அவரும் நாற்பதைப் பார்க்கவில்லை.

கிட்டப்பா செய்ததை நியாயப்படுத்த இதைச் சொல்லவில்லை. அந்த உடம்பு 27 வயதில் ஏன் தீர்ந்தது என்பதற்கு அவருடைய குணம் மட்டும் காரணமில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

2023 மார்ச் 12

கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் கதர், காங்கிரஸ் பக்கமா என்று கேட்டவருக்கு: ஆமாம், இருவருமே காங்கிரஸ் பக்கம் நின்றார்கள். நாடகக்காரர்களை மதித்து அரசியலுக்குள் அழைத்தவர் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி. மேடையில் புராண நாடகத்துக்கு நடுவே தேசபக்திப் பாட்டு வரும். வெள்ளைக்கார அரசின் கையில் 1876-ம் வருடத்து நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது, பிடித்துக்கொண்டு போவார்கள். இதில் அதிகம் அடிபட்டவர் நாடக நடிகர் விஸ்வநாத தாஸ். "கொக்குப் பறக்குதடி பாப்பா" என்று வெள்ளைக்காரனைப் பாடிப் பல தடவை சிறைக்குப் போனவர். 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர் விட்டார். அவருக்குத் தனியாக ஓர் இழை போட வேண்டும், யாராவது தொடங்குங்கள், நான் வந்து எழுதுகிறேன்.

2023 மார்ச் 18

முதலில் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டு அடுத்த அறையிலிருந்து கேட்டாராம். "கோடையிலே" பிடித்துவிட்டதாம், "எவரனி" இன்னும் பிடிபடவில்லையாம். போதும், அவசரம் இல்லை. எனக்கும் "எவரனி" பிடிபட வருடங்கள் ஆயின. அதற்கு முன்னால் ஒருவர் எனக்கு தேவாம்ருதவர்ஷிணியைப் பாடிக் காட்ட வேண்டியிருந்தது.

மேடையில் இப்போது யாராவது அப்படிப் பாடுகிறார்களா, எங்கே போனால் கேட்கலாம் என்கிறார். கிட்டப்பா உயரத்துக்கு யாரும் இல்லை. ஆனால் அந்த வடிவம் சாகவில்லை. மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் மாசியிலிருந்து வைகாசிவரை கோயில் திருவிழாவுக்கு வள்ளி திருமணம் போடுகிறார்கள். ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், ஆர்மோனியம் மூன்றாவது ஊர். அன்றைக்குச் சாயங்காலம்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சுவாமிகள் எழுதிய பாட்டும் விருத்தமும் எல்லோருக்கும் மனப்பாடம், அதை வைத்துக்கொண்டு விடியும்வரை ஓட்டுவார்கள்.

பங்குனி பிறந்துவிட்டது. நான் இந்த மாதக் கடைசியில் ஒரு நாடகத்துக்குப் போகிறேன், வருகிறவர்கள் தனியாக எழுதுங்கள், ஊர் சொல்கிறேன். பத்து மணிக்கு முன்னால் வந்துவிட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காராதீர்கள், ஆர்மோனியம் இருக்கும் பக்கமாக உட்காருங்கள், அப்போதுதான் நடிகரின் வாயிலிருந்து வரும் குரல் கேட்கும். பபூன் காமிக் நீளமாகப் போகும், அதில் தூங்கிவிடாதீர்கள். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் ஒரு மணிக்கு மேல்தான் வரும். தம்பி, நீங்கள் கட்டாயம் வர வேண்டும், போர்வை ஒன்று எடுத்து வாருங்கள்.